அண்ணன் போட்ட கேஸ்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு முடிந்துவிட்டது. படத்துக்கு மாலை போட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு, புறப்படும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு நினைவு மலரும் கையில் கொடுப்பது என்று வீட்டில் முடிவானது. அதில் முதல் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தட்ட முடியவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையின் சிகரம், அன்பின் வடிவம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அண்ணன் அன்பானவர்தான், பொறுமையானவர்தான். அந்தப் பொறுமையை நினைத்துத்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

அண்ணன் வடக்கனந்தலில், எங்கள் கரும்பு நிலத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தார். அப்பா அம்மாவுக்குத் தலைச்சன் பிள்ளை. இடையில் பிறந்தவை தங்காமல் போய், வெகுகாலம் கழித்து நான் பிறந்தேன். அதனால் அவர் எனக்கு அண்ணனாக இருந்ததைவிட இன்னொரு அப்பாவாக இருந்ததுதான் அதிகம். கள்ளக்குறிச்சியில் பள்ளிப் படிப்பை முடித்தார். கிணறு வற்றிய வருடங்களில் மரவள்ளிக் கிழங்கு வண்டிகளில் மூட்டை ஏற்றினார். அலைந்து திரிந்து கடைசியில் அரசுப் பேருந்தில் நடத்துனர் வேலை கிடைத்தது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் வண்டி. புளி மூட்டையோடும் கடுக்காய் மூட்டையோடும் ஓடிவரும் மலை மக்களை விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் விசில் கொடுத்ததில்லை. ஓட்டுநர்கள் கத்துவார்கள். இவர் காதில் விழாதது போல் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் இருப்பது அவருடைய பழக்கம். அந்தப் பழக்கம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேர் அந்த வீட்டுக்கு வந்து, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போனவர்கள்தான். எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

ஊரில் எந்த அலங்காரம் புதிதாக வந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வந்தது திரும்பிப் போகாது. அதுதான் தொல்லை. அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த சிவப்புத் தரையைக் கொத்திவிட்டு மொசைக் போட்டார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பாசிமணித் திரை தொங்கவிட்டார். கையில் ரசப் பாத்திரத்தோடு அதைத் தாண்டி வருவது எவ்வளவு பெரிய வித்தை என்று அந்த வீட்டில் பரிமாறியவளுக்குத்தான் தெரியும். மணிச்சரம் தலைமுடியில் மாட்டிக்கொண்டு இழுக்கும். ரெக்சின் சோபா வாங்கினார். அதன் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை கழற்றவில்லை. சித்திரை மாதத்தில் அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது வரும் சத்தத்துக்கு என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டெலிபோனுக்குச் சட்டை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, டி.வி. தலையில் லேஸ் துணி. எல்லோரும் கிழித்துப் போட்ட பிறகும் இவர் துவைத்துத் துவைத்து மாட்டினார்.

கூடத்துச் சுவர் ஒன்றில் முழுவதுமாக சீனரி ஒட்டினார். வெளிநாட்டு அருவி, மஞ்சள் இலை மரங்கள், நடுவில் ஒரு மரப்பாலம். எங்கள் வாசலில் நின்று தலையைத் தூக்கினால் கல்வராயன் மலை தெரியும். மழைக்காலத்தில் அந்த மலையில் எத்தனை அருவி விழுகிறது என்று தினம் ஏறி இறங்கும் அவருக்குத் தெரியாதா? மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத அருவியைக் காகிதத்தில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசி ஈரத்தில் அருவி மேலிருந்து உரிந்து வரும். ஸ்டூலில் ஏறிப் பசை தடவி மறுபடி ஒட்டுவார். பிற்பாடு ஃபால்ஸ் சீலிங் என்று கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டார். மேலே எலி குடும்பம் நடத்தியது. மின்விசிறி என் பெரியவன் தலைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு போகிக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து போய் நான்தான் ஒட்டடை அடிப்பேன். ஏதாவது ஒன்றை நெருப்பில் போடலாம் என்று தூக்கினால் வாசலுக்கு வந்து நின்றுகொள்வார்.

"அத இன்னாத்துக்குத் தூக்கிக்கினு போற? நல்லாத்தான இருக்குது."

"யாருக்கு நல்லா இருக்குது? வர்றவங்க எல்லாம் சிரிச்சிக்கினு போறாங்க."

"சிரிக்கட்டுமே. அழுதுக்கினா போறாங்க?"

தூக்கியதை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கி நின்றது ஷோகேஸ். கூடத்தின் ஒரு சுவரை முழுதாக விழுங்கிய பிளைவுட் மலை. மரக்கோடு போட்ட காப்பிக் கலர் சன்மைக்கா, தள்ளும் கண்ணாடி, பொம்மைகள் இரட்டையாகத் தெரிய உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு டியூப் லைட். டி.வி. வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே டி.வி.க்கு நடுவில் பொந்து. இன்றைய பிள்ளைகள் வெள்ளைச் சுவர், வெறும் சுவர் என்கிறார்கள். அன்றைக்கு ஷோகேஸ் இல்லாத வீடு வீடே இல்லை. எங்கள் ஊரில் யாரும் ஷோகேஸ் என்று முழுதாகச் சொன்னதில்லை. கேஸ் என்றுதான் சொல்வார்கள். 'அவங்க வூட்ல கேஸ் போட்டாங்களா' என்றால் ஷோகேஸ் செய்தாயிற்றா என்று பொருள். இப்போது கேஸ் என்றால் சிலிண்டர். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல் செய்த அநியாயம் இருக்கிறதே, அதை வேறு எந்த ஊரில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அண்ணனுக்குத் திருக்கோவிலூரில் பெண் பார்த்தார்கள். அப்பா, அம்மா, அண்ணனோடு நானும் பாவாடை தாவணியில் போயிருந்தேன். பெண் மாநிறம். சத்தமில்லாமல் சிரித்தது. அந்த வீட்டில் ரேடியோ மேலும் தையல் மிஷின் மேலும் ஜன்னல் கட்டையிலும் பொம்மைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒயரில் பின்னிய கிளி, கம்பளி நூலில் செய்த நாய்க்குட்டி, முட்டை ஓட்டில் கிழவன் கிழவி. "எல்லாம் இவ செஞ்சதுதாங்க. வெக்கத்தான் எடமில்ல" என்று பெண்ணின் அத்தை சொன்னார்.  மறுநாள் டியூட்டி முடிந்து வந்த அண்ணன், கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரை அளந்தார். "இன்னாடா பண்ற?" என்று அம்மா கேட்டதற்கு, "பொம்ம வெக்க எடம் வேணும்ல" என்றார். அவர் தன் கல்யாணத்தைப் பற்றி வாய் திறந்து சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவருடைய கையிருப்பு முழுவதும் அந்த வேலையில் இறங்கியது. நைனார்பாளையத்திலிருந்து ஆசாரி வந்தார். பலகையும் சன்மைக்காவும் பஸ் டாப்பில் ஏறி வந்து இறங்கின. வேலை தொடங்கிய மறுநாள் சாலை மறியல் தொடங்கிவிட்டது.

அந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்கு உரிய பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக ஆண்கள் சாலையில் இறங்கினார்கள். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. போலீஸ் வேன் மட்டும் வந்தது. எங்கள் தெருவிலேயே பலரைப் பிடித்துக்கொண்டு போய் வழக்குப் போட்டார்கள். அண்ணனின் உயிர்த் தோழர் ஏழுமலை அண்ணனும் அதில் ஒருவர். பள்ளி நாளிலிருந்து இருவரும் ஒரே சைக்கிள்.

அண்ணன் போகவில்லை. போகக் கூடாது என்று அம்மா கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிட்டார். "ஒன்ன நம்பித்தான் இந்த வூடு இருக்குது. கெவர்மெண்டு வேலய தொலச்சிட்டு வந்து நின்னின்னா நான் கெணத்துல வுழுந்துடுவேன்" என்று ஒரே அழுகை. பஸ் ஓடாததால் அண்ணனுக்கு வேலையும் இல்லை. ஊர் திரும்ப வழியில்லாமல் ஆசாரியும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஆக, ஊரெல்லாம் மரம் வெட்டும் சத்தம், எங்கள் வீட்டில் மட்டும் மரம் இழைக்கும் சத்தம். அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தபடியே இருந்தார். தெருவில் வேன் போகும் சத்தம் கேட்டால் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார்.

மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும், பெண் வீட்டிலிருந்து பெண்ணின் மாமா விசாரிக்க வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தானே. வந்த மனிதர் வேறு வீடே கிடைக்காதது போல், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருந்த பெரியம்மாவிடம் போய் நின்றார். அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. கள்ளமில்லாதவர், வாயும் ஓயாதவர். அன்று நடந்ததைப் பிற்பாடு அவரே எங்களிடம் ஒப்பித்தார்.

"அந்த கண்டக்டர் தம்பி வூட்ல இன்னாங்க விசேஷம்?" என்று கேட்டாராம் அவர்.

"இன்னா விசேஷம்? கேஸ் போட்டுக்கினு இருக்காங்க" என்றாராம் பெரியம்மா.

"கேஸா? யார் மேலங்க?"

செவுத்து மேலதான் என்று பெரியம்மா சொல்லியிருந்தால் என் அண்ணன் பேரன் பேத்தி எடுத்திருப்பார். ஆனால் பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் கம்மி. யார் போடுவது என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் அந்தப் புள்ளதான். சாதாரண கேஸ் இல்லீங்க, பெரிய கேஸு. இருந்த காசு பூரா அதுக்கே பூட்டுது. எப்ப முடியுமோ தெர்ல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். வெயிலுக்கு மோர் வேண்டாமென்று யாராவது சொல்வார்களா என்று பெரியம்மாவுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "பையன் மேல போலீஸ் கேஸ் இருக்குதாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. பொண்ணு வூட்ல வாணாம்னுட்டாங்க" என்றார். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கூட்டம் சேர்ந்து, பெரியம்மா வந்து, பேசிப் பேசி விஷயம் வெளியே வந்தபோது பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "நான் நம்ம கேஸத்தானடி சொன்னேன்! அந்த பாவி எந்தக் கேஸ நெனச்சிக்கினானோ!" என்று அழுதார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சரிசெய்ய என்ன இருக்கிறது? திருக்கோவிலூருக்கு ஒரு பஸ் ஏறி, இது ஷோகேஸ் அய்யா என்று சொன்னால் முடிந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார்.

அண்ணன் வழியில் நின்றார்.

"எங்கப்பா போறீங்க?"

"எங்கடா போவாங்க? ஒம்மேல கேஸ் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்றேன்."

"வாணாம்பா. ஏழுமல உள்ள இருக்கான். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்குது. நாளிக்கி அந்தப் பொண்ண பாக்க வர்றவனும் இதத்தான் சொல்லுவான். நான் போய், என் மேல கேஸ் இல்லீங்க, நான் நல்லவன்னு சொன்னா, அப்ப ஏழுமல யாரு? திருடனா? அவன் வெட்டனது யாருக்காவ? போவாத வூட்ல குந்திக்கினு இருந்தவன் நானு. நான் போய் அப்டி சொல்லணுமா?"

"அதுக்கோசரம் பொண்ண வுட்டுடுவியாடா?"

"கேஸ் இருந்தா பொண்ணு குடுக்க மாட்டேன்றவங்க வூட்டுப் பொண்ணு வாணாம்பா."

அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அண்ணன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பலகை தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. அரசாங்க வேலையில் இருக்கிறவர் மேல் வழக்கு இருந்தால் மறுநாளே பையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா? தினம் வண்டியில் டிக்கெட் கிழிக்கிறாரே, இதை அந்தப் பெண் வீட்டார் ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? சரி, அவர்கள்தான் யோசிக்கவில்லை. நியாயம் பேசிய இவர், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னார்? வழக்கு இருந்தால் வேண்டாம் என்று சொன்னது மாமாவா, அந்தப் பெண்ணா? யாராவது அதைக் கேட்டார்களா? சத்தமில்லாமல் சிரித்த அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு மறு வருடமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அண்ணனுக்கு அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு பேச்சில் தட்டிப் போயின. ஒரு முறை ஊருக்குள் பரவிய பேச்சுதானே. கண்டக்டர் மேல் கேஸ் இருக்கிறது என்பது திருக்கோவிலூர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. கேட்டவர்களிடம் இல்லை என்று இவரும் சொல்லவில்லை. அப்புறம் வரன் வருவதே நின்றுவிட்டது.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. பல வருடங்கள் கழித்து, எங்கள் ஊரில் போராட்டத்தில் வழக்கைச் சந்தித்தவர்களுக்குச் சால்வை போர்த்தும் கூட்டம் நடந்தது. அண்ணன் பெயரையும் சேர்த்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று ஊர் மெச்சியது. அடக்கமாவது ஒன்றாவது. வெட்கம். போகாத மனிதருக்குப் போனவர்களின் சால்வை எப்படித் தோளில் நிற்கும்? பெண் வீட்டாரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மேடையில் ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் ஆயுசு முழுக்க நின்றார்.

அண்ணனுடைய நல்ல குணங்களையும் எழுதாவிட்டால் பாவம். என் கல்யாணத்தை அவர்தான் நடத்தினார். என் கணவர் தவறியபோது என் பிள்ளைகள் இருவரையும் தன் பிள்ளைகளாகவே பார்த்தார். சின்னவனுக்கு, போராடி வாங்கிய அந்த இட ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, எங்களிடம் இனிப்பைக் கொடுப்பதற்கு முன்னால் ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு ஓடினார். "ஒன்னாலதான்டா" என்று சொல்லி அவர் வாயில் ஊட்டினாராம். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு பெண் பிள்ளைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிமலை வண்டி வரும் நேரத்துக்கு நிறுத்தத்துக்குப் போய், தெரிந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார்.

கடைசியாகச் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் செய்துகொண்டு கள்ளக்குறிச்சியில் என் வீட்டில்தான் இருந்தார். என் வீட்டுச் சுவர்கள் வெறுமையாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. ஒரு சீனரியாச்சும் ஒட்டக் கூடாதா?" என்பார். ஒரு நாள் நான் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏண்ணா, அந்தப் பொண்ணுதான் வரல. அப்பறமும் இன்னாத்துக்கு வூட்ட ஜோடிச்சிக்கினே இருந்த?"  "வர்றவங்க வந்தா வூடு நல்லா இருக்க வாணாமா?" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அடுத்த மாதமே அண்ணன் போய்விட்டார்.

அவருக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் உதவிய செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. செய்தி கேட்டு முதல் வண்டியில் மலையிலிருந்து இறங்கி வந்த மக்களையும், எங்கள் தெரு முனையில் ஒரு நிமிடம் பேருந்தை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போன ஓட்டுநர் நடத்துனர் தோழர்களையும் மறக்க மாட்டோம். மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஆளுக்கொரு வேலையாக எடுத்துச் செய்தார்கள். பந்தல் போட்டு, மூன்று நாளும் கூடவே நின்ற தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அந்தப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரும் வைத்தார்கள். பால் தெளித்துவிட்டு வரும் வழியில்தான் அதைப் பார்த்தேன். அண்ணன் படத்துக்குக் கீழே, 'இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வழக்கைச் சந்தித்தவர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.  செத்த பிறகுமா? பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஏழுமலை அண்ணனிடம் கத்தினேன். "இத யாருண்ணா எழுதிக் குடுத்தது? நீங்களாவது இல்லன்னு சொல்லக் கூடாதா? மொதல்ல எறக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தாம்மா எழுதச் சொன்னேன். எங்க மேல போட்ட கேஸெல்லாம் என்னிக்கோ தள்ளுபடி ஆயிடுச்சி தங்கச்சி. கல்யாணம் பண்ணோம், புள்ள குட்டி பெத்தோம், பேரன் பேத்தியும் பாத்துட்டோம். இவன் மேல போட்டதுதான் கடசி வரிக்கும் தள்ளுபடி ஆவல."

 பேனர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் என் மனது ஆறவில்லை. அதனால், இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களையும் நண்பர்களையும், திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அண்ணன் மேல் எந்தக் காலத்திலும் எந்த வழக்கும் இருந்ததில்லை. அவர் வாய் திறந்து சொல்லாததை அவர் தங்கை சொல்கிறேன். இதுவரை மனதில் அப்படி நினைத்திருந்தவர்கள் எல்லோரும், தயவுசெய்து, இன்றோடு அதைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.